சென்னையிலிருந்து கிராமத்துக்கு: இளம் குடும்பம் முதல் கோடையைக் கடப்பதற்கான வழிகாட்டி

சென்னையை விட்டுச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் குடியேற நினைக்கும் இளம் குடும்பங்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில்தான் வீடு பார்க்கின்றன. அப்போது ஏரியில் தண்ணீர் நிற்கும். கழனியில் நவரைப் பட்டத்து நெல் பச்சைப்பசேலென்று இருக்கும். வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள ஊர்களில் நத்தைகுத்தி நாரைகள் வயலில் இறங்கி மேயும். பங்குனி, சித்திரைக்குள் பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பிவிடும், அறுவடை முடிந்து வைக்கோல் சாலையில் காயும், ஏரியின் நடுவே மாடுகள் மேயும். வீடு பார்த்த அன்று கண்ட ஊர் வேறு, சித்திரையில் குடியிருக்கப் போகும் ஊர் வேறு.

நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்து வயது மகளும் எட்டு மாதக் கைக்குழந்தையுமாக, மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூருக்கு வந்தோம். நகரத்தில் பழகிய நேரப்படியே அந்த முதல் கோடையை நடத்த முயன்றதுதான் எங்கள் சிரமங்கள் பெரும்பாலானவற்றுக்கும் காரணம். கிராமத்தில் கோடை என்பது முதலில் தண்ணீர் பற்றிய கணக்கு. அடுத்தது நேரம் பற்றிய கணக்கு. இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டால் மற்றவை தாமாகவே வழிக்கு வந்துவிடும். எனவே செய்ய வேண்டியவற்றை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாசியிலேயே தண்ணீரை அளந்து பாருங்கள்

வீட்டில் கிணறு இருந்தால், மாசி மாதத்தில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணினால் தண்ணீர் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஆழ்துளைக் கிணறு என்றால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு நாங்கள் கண்ட எளிய வழி, மாடியில் உள்ள தொட்டி காலியிலிருந்து நிரம்புவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒருநாள் குறித்து வைப்பது. மாசியில் இருபத்தைந்து நிமிடத்தில் நிரம்பிய எங்கள் தொட்டி, சித்திரைக் கடைசியில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. குழாயில் தண்ணீரும் காற்றும் மாறி மாறிச் சீறிக்கொண்டு வரத் தொடங்கினால், மோட்டாரை உடனே நிறுத்திவிட்டு, கிணறு ஊறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பிறகு போட வேண்டும். இதை அறியாமல் தொடர்ந்து ஓடவிட்டதில் எங்கள் நீர்மூழ்கி மோட்டாரின் ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் கருகிப்போனது. மோட்டாரை மேலே தூக்கிப் புதிதாகக் காயில் கட்டித் திரும்ப இறக்குவதற்கு ஐந்து நாள் ஆயிற்று. கைக்குழந்தையின் துணிகளைத் துவைக்கக்கூடப் பக்கத்து வீட்டுக் கிணற்றைத்தான் நம்பியிருந்தோம்.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம் கோடையில் மாறும். தண்ணீர் விடுபவரிடம் நேரில் போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதுமான தண்ணீர் எப்போதும் மூடிய பாத்திரங்களில் வீட்டில் இருக்க வேண்டும். அப்படிச் சேமித்த தண்ணீரைத் திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், வாரம் ஒருமுறை பாத்திரங்களைத் தேய்த்துக் காயவைத்த பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும்.

நிலத்தடி நீர் மட்டம் இறங்க இறங்கத் தண்ணீரின் சுவை மாறுவதும் உப்பு கூடுவதும் உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்துத் தருவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கோடை தொடங்கும் முன் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. சோதனை நன்றாக வந்தாலும் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் இருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் பகல் பதினொரு மணிக்கே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். முதல் கோடையில், நண்பகலில் மகளின் கால் கழுவக் குழாயைத் திறந்தபோது அவள் அலறிய பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது. அன்றிலிருந்து இரவே இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து, குழந்தைகள் எட்டாத உயரத்தில் மூடி வைத்து, மறுநாள் பகல் முழுவதும் அவர்களுக்கு அதையே பயன்படுத்துகிறோம்.

ஊரின் நேரத்துக்கு நாளை மாற்றுங்கள்

சென்னை நகரத்தில் கோடைப் பகலைத் தாங்கக் கூடியதாக ஆக்குவது கடற்காற்று. நண்பகலை ஒட்டி அது கரையேறியதும் வெயில் ஏறுவது நின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாள்களில் நகரமே கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அந்தக் காற்று மாலையில்தான் வந்து சேரும், சில நாள் வராமலும் போகும். எனவே, திருவான்மியூரிலோ மயிலாப்பூரிலோ இரண்டு மணிக்குக் கடைக்குப் போய்வந்த பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அந்த மாதக் கடைசிவரை நீளும் கத்திரி வெயில் காலத்தில் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

ஊரில் உள்ளவர்கள் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, ஒன்பது மணிக்குள் வெளிவேலை எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். பத்து மணி வாக்கில் கூழோ பழைய சோறோ குடித்துவிட்டு நிழலுக்கு வந்துவிட்டால், நான்கு மணிக்குப் பிறகுதான் மீண்டும் வெளியே இறங்குகிறார்கள். இந்த ஒழுங்கை முதல் வாரத்திலிருந்தே அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சமையலையும் துணி துவைப்பதையும் ஏழரைக்குள் முடித்துவிடலாம். வங்கி, தாலுகா அலுவலகம் போன்ற வேலைகளைத் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் முடித்துவிட்டு வரலாம். பகலில் குழந்தைகளுடன் சேர்ந்து பெரியவர்களும் ஒரு மணி நேரம் உறங்கலாம். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர்களுக்கு விடியற்காலை மூன்று மணி நேரம் கிடைப்பது பெரிய வரம். சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர்கள், பேருந்தானாலும் செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலானாலும், வெயில் ஏறும் முன் போய், பொழுது சாய்ந்த பின் திரும்பும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்; 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தெற்கே செல்லும் நெடுந்தூரப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தயார் செய்தல்

மெத்தை வீடு, அதாவது தளம் போட்ட மாடி வீடு, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் உள்ளே இறக்கும். பங்குனியிலேயே மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிட்டால் அறைக்குள் வேறுபாடு நன்றாகவே தெரியும். மேற்குப் பக்கச் சுவருக்கு வெளியே தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கீற்று கோடையில் காய்ந்து சருகாக இருக்கும் என்பதால் அடுப்போ குப்பை எரிப்பதோ அதன் அருகில் கூடவே கூடாது. காலை எட்டு மணிக்கு மேல் கிழக்குச் சன்னல்களையும், நண்பகலுக்கு மேல் மேற்குச் சன்னல்களையும் சாத்தி வைத்து, சூரியன் இறங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

இரவில் மாடியில் உறங்குவது கிராமத்துக் கோடையின் பெரிய சுகம். மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் தெளித்தால் ஒன்பது மணிக்குத் தரை ஆறியிருக்கும். ஆனால் கிராமத்து வீடுகள் பலவற்றில் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது. அப்படிப்பட்ட மாடியில் சிறு குழந்தைகளோடு ஒருநாளும் படுக்காதீர்கள். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொசுவலை கட்டிக்கொள்வதே போதும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கோடை மாலைகளில் மின்னழுத்தம் குறையும் என்று எதிர்பார்த்தே இருங்கள். குளிர்பதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் வேண்டும். மோட்டாரை அழுத்தம் சீராக இருக்கும் விடியற்காலையில் போட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கோடையில் டிஸ்டில்டு வாட்டர் விரைவாகக் குறைவதால் மாதம் ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இல்லையென்றால் எலக்ட்ரீசியனை அழைத்து அதை முதலில் பொருத்திவிடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

உணவும் பானையும்

மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது, மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கிறது. வாங்கியதை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, முதல் இரண்டு நாள் ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு குடிக்கத் தொடங்க வேண்டும். அகலமான தட்டில் ஈர மணல் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் பானையை வையுங்கள். பானையின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது; எனவே சோப்புப் போட்டுத் தேய்த்து அந்த நுண்துளைகளை அடைத்துவிடக் கூடாது. வெறும் தேங்காய் நாரால் கழுவினால் போதும்.

இந்த வட்டாரத்தின் கோடை உணவு கேழ்வரகுக் கூழ். முதல் நாள் மாலையே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பது. எங்கள் மகள் முதல் பத்து நாள் முகத்தைச் சுளித்தாள். பிறகு தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே சொம்பு காலியாகும்வரை குடித்தாள். நெடுஞ்சாலை ஓரமெங்கும் குவித்திருக்கும் தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, விடியற்காலையில் மரத்திலிருந்து இறக்கிய பதநீர் ஆகியவற்றுக்கு வீட்டில் இடம் கொடுங்கள். வெட்டி வைத்துப் பல மணி நேரமான தர்பூசணித் துண்டுகளைக் குழந்தைகளுக்கு வாங்கித் தராமல், முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள்.

குழந்தைகளின் உடல்நலம்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கடுங்கோடையிலும் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர் தரத் தேவையில்லை, பாலை அடிக்கடி தந்தால் சரி. கொஞ்சம் தண்ணீர் புகட்டு என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். மறுத்துப் பேச வேண்டாம், கிராமச் சுகாதாரச் செவிலியர் சொல்லியிருக்கிறார் என்று பணிவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். வளர்ந்த குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கு ஒருமுறை குடிக்கக் கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக வந்தாலோ, ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ நீர் போதவில்லை என்று பொருள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் துணைச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும். கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கூடினால் குழந்தைக்குக் கேடு. குழந்தை துவண்டு, உடல் அனலாகக் கொதித்து, பேச்சு தடுமாறினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாத நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது நீர்நிலைதான். விடுமுறையில் பிள்ளைகள் கூட்டமாகக் கிணற்றுக்கும் ஏரிக்கும் போவார்கள். நகரத்துப் பிள்ளை நீந்தத் தெரியாமலே பின்னால் போகும். ஏரி வற்றியிருப்பதாகத் தோன்றினாலும், மண் அள்ளிய பள்ளங்களில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் தேங்கியிருக்கும். கலங்கலான நீரில் விளிம்பு தெரியாது. பெரியவர் ஒருவர் கூட இறங்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பதை வீட்டின் முதல் விதியாக்குங்கள். அதே கோடையில், நன்கு நீந்தத் தெரிந்தவரைக் கொண்டு, முதுகில் சுரைக்குடுக்கையோ காலிக் கேனோ கட்டி, படியுள்ள கிணற்றில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் மகள் இரண்டாம் கோடையில் கற்றாள். முதல் கோடையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பாம்பு, தேள்

வெயிலுக்குக் குளிர்ச்சி தேடிப் பாம்பும் தேளும் குளியலறைக்கும் பானையடிக்கும் வரும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளின் படங்களையும் குழந்தைகளுக்குக் காட்டிப் பழக்குங்கள். சாரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அது எலியைத் தின்று உதவுகிறது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத் தீண்டும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமை சொருகலும் வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். எனவே தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். இரவில் கைவிளக்கு இல்லாமல் வாசலில் இறங்காதீர்கள். காலணியைத் தட்டிவிட்டு அணியுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எந்த மருத்துவமனையில் இரவிலும் மருத்துவர் இருக்கிறார், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்பதைக் குடிவந்த வாரத்திலேயே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். அந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருவதுதான். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்காமல், கண் எடுக்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே, தீயணைப்புத் துறையையோ ஊரில் உள்ள இருளர் குடும்பத்தையோ அழையுங்கள்.

தோட்டமும் ஊரும்

நிலம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் நாங்கள் பங்குனியில் நாற்பது மரக்கன்றுகள் நட்டோம். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றியும் வைகாசியில் மிஞ்சியவை ஆறு. எதிர்வீட்டு ஆயா முதல் நாளே, “இந்த வெயில்ல ஏம்மா நட்டே? குழிய மட்டும் வெட்டிப் போடு, ஆடியில பாத்துக்கலாம்” என்று சொல்லியிருந்தார். கோடையில் செய்ய வேண்டியது அதுதான்: மூன்றடிக்குக் குழி வெட்டி வெயிலில் ஆறவிடுவது, இருக்கும் மரங்களுக்குச் சருகாலும் வைக்கோலாலும் மூடாக்குப் போடுவது, கோடை மழை பெய்த மறுநாள் நிலத்தை உழுது போடுவது. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று உழவர்கள் சொல்வது இந்த உழவைத்தான். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வெண்டை, கொத்தவரை, கீரை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மே 1 அன்று கிராம சபை கூடும். கணவனும் மனைவியுமாகப் போய் உட்காருங்கள். கோடைக் குடிநீர்ப் பேச்சு அன்று கட்டாயம் எழும். உங்கள் தெருவின் நிலைமையைச் சொல்லலாம், தலைவரும் செயலரும் உங்களை அறிந்துகொள்வார்கள். அதே பருவத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளமும் தீமிதியும். எங்களுக்கு ஊரில் முதல் உறவுகள் அமைந்தது அந்தப் பந்தலில்தான். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறிய இரவில், உறங்கிவிட்ட குழந்தையை யாரோ ஒரு பெண் தன் மடியில் வாங்கி விடியும்வரை வைத்துக்கொண்டார். இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அவர் அத்தை.

முதல் மழை வரும்போது

கோடை மழை பெரும்பாலும் மாலையில், புழுதிக் காற்றோடு வரும். வானம் மேற்கே கறுத்ததும் வற்றல், வடகம், துணி ஆகியவற்றை எடுத்து, மாடுகளை மரத்தடியிலிருந்து அவிழ்த்து, மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓய்ந்த பின் வாசலில் இறங்கும் முன் கம்பி அறுந்து கிடக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்; கிடந்தால் யாரையும் அருகில் விடாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள். மாடியில் விழும் முதல் மழை தூசியைக் கழுவிக்கொண்டு வருவதால் அதை வடியவிட்டு, அடுத்த மழையிலிருந்து குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள். மறுநாள் காலை, வெட்டி வைத்த குழிகளில் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் நிற்கும் குழியில் மாங்கன்று வைக்காமல் வேறிடம் பார்க்க வேண்டும்.